ஒன்றரை லட்சம் மீன்கள்

ஏரியில் ஒன்றரை லட்சம் மீன்கள் இருக்கின்றன என்று நான் கணக்குப் போட்டுச் சொன்ன நாளிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் ஆடுகிறேன் என்று ஆய்வு நிலையத்தில் நினைத்துக்கொண்டார்கள். ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். பிறகு பார்த்தால், சந்தோஷம் அடங்கிப் போன பிறகும் கால் மட்டும் அடங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முள்மேல் இருக்கிற மாதிரி இருந்தது. எழுந்து ஜன்னல் வரை போவேன், ஏரியைப் பார்ப்பேன், திரும்பி வருவேன்.

ஏரியை மூடி மூன்று வருடம் ஆகிறது. கண்மண் தெரியாமல் பிடித்ததில் மீன் அருகிப்போய், வலையைத் தூக்கினால் பாசிதான் வந்தது. வளர்ந்த மீன் ஒரு லட்சத்தைத் தாண்டினால் திறக்கலாம், தாண்டாவிட்டால் இன்னும் இரண்டு வருடம் மூடி வைக்க வேண்டும் என்று விதி. தாண்டிவிட்டதா இல்லையா என்று சொல்வதுதான் என் வேலை. நான் நிலையத்தின் கணக்குப் பிரிவு. பிரிவு என்றால் நான் ஒருத்திதான். மீனைத் தொட மாட்டேன், படகில் ஏற மாட்டேன். அந்த வாடை எனக்குக் குடலைப் புரட்டும். மீன்கள் எனக்கு எண்களாக மாறிய பிறகு வந்தால் போதும்.

மீனை எண்ண முடியாது. ஏரியை வற்ற வைத்தா எண்ணுவது? அதற்கு ஒரு வழி இருக்கிறது. அதை ஒரு ஜாடி பட்டனை வைத்து விளக்கிவிடலாம், விளக்கியும் இருக்கிறேன். கீழ்வீட்டில் என் தங்கை குடும்பம், மாடியில் நான். தங்கை தையல்காரி. அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, மீன்பிடிக்காரர். ஏரியை மூடியதிலிருந்து ஐஸ் கம்பெனியில் கட்டி தள்ளுகிறார். ஒருநாள் சாப்பிட்ட கையோடு, "எண்ணாம எப்படிக்கா எண்ணுவீங்க?" என்று கேட்டார். தங்கையின் பட்டன் ஜாடியை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இதுல எத்தனை இருக்கும், சொல்லுங்க மாப்பிள்ளை."

"உங்க தங்கச்சியக் கேளுங்க. ஒண்ணு குறைஞ்சாலும் என் சட்டையத்தான் தடவிப் பாப்பா."

ஒரு கை பட்டனை அள்ளி, ஒவ்வொன்றிலும் மை தொட்டு, திரும்ப ஜாடியில் போட்டு நன்றாகக் குலுக்கினேன். பிறகு அவரையே ஒரு கை அள்ளச் சொன்னேன். அதில் மை பட்டது எத்தனை என்று பார்த்தோம். மை பட்டவை நிறைய வந்தால் ஜாடியில் இருப்பதே கொஞ்சம்தான். குறைவாக வந்தால், மை போட்டதெல்லாம் பெரிய கூட்டத்தில் கரைந்துவிட்டது என்று அர்த்தம்.

"அப்ப மை பட்டது கம்மியா வந்தா ஜாடி பெருசு," என்றார் மாப்பிள்ளை.

"அவ்வளவுதான். இதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

பெருக்கி வகுத்து ஒரு எண் சொன்னேன். தங்கை பொறுமையாகக் கொட்டி எண்ணினாள். ஏறக்குறைய சரியாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ஒரே பிரமிப்பு. பிறகு கொஞ்ச நாள் வீட்டில் எந்த டப்பாவையும் விட்டு வைக்கவில்லை, எல்லாவற்றிலும் மை. ஆய்வுக்கு வலை இழுக்க ஆள் தேவை என்று நிலையத்தில் அறிவித்ததும், ஐஸ் கம்பெனியில் லீவு போட்டு முதல் ஆளாக வந்து நின்றார்.

பட்டனில் மை என்றால் மீனில் டேக். விரல் நீளத்துக்கு மஞ்சள் பிளாஸ்டிக் நூல், அதில் ஒரு எண் அச்சிட்டிருக்கும். முதுகுத் துடுப்புக்குக் கீழே ஊசியால் குத்திவிடுவார்கள். முதல் சுற்றில் இரண்டாயிரம் மீன்களுக்கு டேக் போட்டு விட்டோம். அவை மற்ற மீன்களோடு கலக்கட்டும் என்று காத்திருந்து இரண்டாம் சுற்று வலை போட்டோம். ஆயிரத்து ஐந்நூறு மீன் வந்தது. அதில் டேக் இருந்தவை இருபது. இரண்டாயிரத்தை ஆயிரத்து ஐந்நூறால் பெருக்கி இருபதால் வகுத்தால் ஒன்றரை லட்சம். மாடியிலிருந்து அதைக் கத்திக்கொண்டே இறங்கினேன். தங்கை தையல் மெஷினில் தலையைச் சாய்த்து அழுதாள். மாப்பிள்ளை சிரித்துவிட்டு வெளியே போய்விட்டார். பாவம், நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்தேன்.

அந்த இருபதுதான் என்னை உட்கார விடவில்லை. ஒன்றரை லட்சம் மீனும் அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருந்தன. பத்துப் பதினைந்து டேக் கூடவோ குறையவோ வந்திருந்தால் ஏரியே வேறு. இன்னொன்றும் உறுத்தியது. அறுபதாயிரம் என்று வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? எங்கே ஓட்டை, யார் தப்புப் பண்ணியது என்று தலைகீழாகப் புரட்டியிருப்பேன். ஒன்றரை லட்சம் வந்ததும் ஒரே ஒரு தடவை சரிபார்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். பிடித்த எண்ணை யார் குடைவார்கள்?

இதை இயக்குநரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் முழு எண். புள்ளி வைத்த எதுவும் அவருக்கு ஆகாது.

"ஒரே எண்ணாச் சொல்ல வேண்டாம் சார். தொண்ணூத்தஞ்சாயிரத்துல இருந்து ரெண்டு லட்சத்துக்கு மேல வரைக்கும் எங்க வேணா இருக்கலாம்னு சொல்லுவோம்."

"சங்கக் கூடத்துல அத்தனை மீன்பிடிக்காரங்க உட்கார்ந்திருப்பாங்க. எங்க வேணா இருக்கலாம்னு சொன்னா, உங்களுக்கு எதுக்குச் சம்பளம்னு கேப்பாங்க."

"அதுதான் சார் உண்மை."

"உண்மைதான். நாளைக்குக் காலையில கூட்டம். ஒன்றரைன்னு சொல்லிட்டு உட்காருங்க. முகத்தைக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க, திறக்கப் போறோம்மா, மூடப் போறதில்ல."

அன்று மத்தியானமே வேலை ஓடாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடிக்குப் போகவும் பிடிக்கவில்லை. கீழே தங்கை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் அந்த அறையில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். துணியை மடித்தேன், மடித்ததைக் கலைத்தேன், நூல்கண்டுகளை நிறவாரியாக அடுக்கினேன்.

"அக்கா, நீ உட்காரு, இல்ல வெளிய போ. எனக்குத் தையல் கோணுது."

"உட்கார முடியல."

"நீயும் அவரும் ஒரே ரகம். ஊரே வலையத் தச்சு முடிச்சாச்சு. எதிர் வீட்டுக்காரர் நேத்தே கம்பெனில கணக்கு முடிச்சிட்டு வந்துட்டார். இவர் மட்டும் வேலைய விடமாட்டேங்கறார். கேட்டா, இருக்கட்டும் பாக்கலாம்னு ஒரே பல்லவி. லீவு கிடைச்சா ஓடிப் போய்ப் படகுக்குப் பெயிண்ட் அடிக்கறார். அடிச்சதுக்கு மேலயே அடிக்கறார். என்ன மனுஷனோ."

"பயமா இருக்கும்."

"என்ன பயம்? நீதானே கணக்குப் போட்ட."

கை சும்மா இருக்கவில்லை. கதவோரம் ஆணியில் படகு எஞ்சின் சாவி தொங்கியது. அதை எடுத்துச் சுழற்றிக்கொண்டே நடந்தேன். ஏதோ வழவழப்பாக விரலில் பட்டது. சாவி வளையத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் நூல் முடிச்சுப் போட்டிருந்தது. அதில் பொடி எழுத்தில் ஒரு எண்.

சாவியைத் தங்கை முன்னால் நீட்டினேன்.

"இது ஏது?"

தங்கை திரும்பிப் பார்த்தாள். "அதுவா, துவைக்கும்போது அவர் சட்டைப் பையில கெடந்துச்சு. நல்ல கெட்டி நூலு. சாவி தொலையாம இருக்கட்டும்னு நான்தான் கட்டினேன். ஏன், உங்க ஆபீஸ் சொத்தா?"

சாவியோடு மாடிக்கு ஓடினேன். கணினியில் அந்த எண்ணைத் தேடினேன். புதிய டேக் அல்ல. முதல் சுற்றில் ஒரு மீனின் முதுகில் ஏறி ஏரிக்குள் போன டேக். இரண்டாம் சுற்றில் பார்த்த இருபதில் இது இல்லை. வலை இழுத்தவர் பையில் கிடந்தது என்றால் அந்த மீன் வலைக்கு வந்திருக்கிறது, டேக் இல்லாத மீனாக நம் கணக்கில் ஏறியிருக்கிறது.

இருபதை இருபத்தொன்றாக்கிப் போட்டுப் பார்த்தேன். ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்துச் சொச்சம். அப்பாடா என்றிருந்தது. இன்னும் ஒரு லட்சக் கோட்டுக்கு மேலேதான். ஒரு டேக்கினால் குடி முழுகிப் போகாது. வாயை மூடிக்கொண்டு சும்மா இரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லும்போதே செருப்பை மாட்டிவிட்டேன். ஒன்றுதானா என்று கேட்காமல் எப்படி இருப்பது?

படகுக் கொட்டகை கரையோரம். மாப்பிள்ளை நீலப் பெயிண்ட் வாளியோடு படகின் வயிற்றுப் பக்கம் குந்தியிருந்தார். ஏற்கெனவே பளபளவென்றிருந்த பலகைமேல் பிரஷை இழுத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு கோட்டிங் அடிச்சீங்கன்னா கனம் தாங்காம முழுகிடும் மாப்பிள்ளை."

"வாங்கக்கா," என்றார். என் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிரஷை நிறுத்தவில்லை.

"இந்த டேக் எப்படி உங்க சட்டைப் பைக்கு வந்துச்சு?"

"வலையில சிக்கினது."

"டேக் மட்டுமா?"

"மீனோடதான். வலையச் சுருக்கித் தூக்கும்போது இந்த நூலு போய்க் கண்ணியில சுத்திக்கும். இழுத்தா மீனுக்கு முதுகு கிழிஞ்சிடும். ஒரு மீன் சாகக் கூடாதுன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொல்லி அனுப்பினீங்க. அதனால சிக்கினத கத்தியால அறுத்துட்டு மீன அளக்கற மேசைக்கு அனுப்பிடுவேன். எந்த வலையில எது சிக்கினாலும் அப்படித்தான் பண்ணுவோம். கை பழக்கம்."

"மேசையில அளந்தவங்ககிட்ட சொல்லலையா?"

"முதுகுல ஓட்டை இருக்குமே, பாத்துக்குவாங்கன்னு நெனச்சேன். புடிக்கிறது எங்க வேலை, பாக்கறது அவங்க வேலை."

அவர்கள் என்ன பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். மஞ்சள் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். தெரியாவிட்டால் அடுத்த மீன். ஆயிரத்து ஐந்நூறு மீனை உயிரோடு அளந்து தண்ணீரில் விடும் அவசரத்தில் ஊசி குத்திய பொட்டை யார் தேடுவார்கள்? யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு நாள் நான் மூக்கைப் பொத்திக்கொண்டாவது அந்தப் படகில் ஏறியிருந்தால் முதல் வலையிலேயே பார்த்திருப்பேன்.

"எத்தனை அறுத்தீங்க மாப்பிள்ளை?"

பிரஷ் நின்றது. ஒன்று என்று அவர் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். ஒளிக்காமல் சொல்கிறேன், ஒன்று என்று சொல்லிவிடு அப்பா என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தார். படகுக்குள் ஏறி, பின்பக்கத்துப் பலகையைத் தூக்கி, கயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு திருகாணி டப்பாவை எடுத்து வந்தார். மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார். உள்ளே மஞ்சள் மஞ்சளாகச் சுருண்டு கிடந்தன.

"இதுல பத்தொம்பது. சாவியில ஒண்ணு."

நான் பையிலிருந்து கால்குலேட்டரை எடுத்தேன். நாற்பதால் வகுக்க எனக்குக் கால்குலேட்டர் தேவையே இல்லை. கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது.

"அத உள்ள வைங்கக்கா. எழுபத்தஞ்சாயிரம். நான் போட்டுட்டேன்."

"எப்ப போட்டீங்க?"

"நீங்க மாடியில இருந்து கத்திக்கிட்டே இறங்கினீங்களே, அன்னிக்கே. இருபதுன்னு சொன்னீங்க. என்கிட்ட இருக்கற இருபதச் சேக்கலையேன்னு அப்பத்தான் உறைச்சுது. அதுவரைக்கும் திருப்பிக் குடுக்கலாம்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். கேட்பாங்கன்னு பாத்தேன், யாரும் கேக்கல."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"அவ அழுதுட்டிருந்தாக்கா. மூணு வருஷத்துக்கு அப்புறம் சந்தோஷத்துல அழுறா. நடுவுல போய் என்ன சொல்றது?"

"அதுக்கப்புறம் எத்தனை நாள் ஆச்சு?"

"தினம் உங்ககிட்ட சொல்லணும்னுதான் கிளம்புவேன். இங்க வந்து பெயிண்ட் அடிப்பேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர்மேல் கொஞ்சம், என்மேல் நிறைய. எதைச் சொல்லித் திட்டுவது என்று தெரியாமல், "இத எதுக்குப் பத்திரமா வெச்சிருக்கீங்க? தூக்கிப் போட்டிருந்தா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன கேட்டேன் என்றே எனக்கு உறைத்தது.

"போட்டேன்க்கா. ஏரிக்குள்ளயே கொட்டினேன். அந்தச் சனியன் மிதக்குது. தண்ணிமேல மஞ்சளா அப்படியே நிக்குது. அதப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. இறங்கிப் பொறுக்கிட்டு வந்துட்டேன்."

அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே கண்ணும் கலங்கியது.

"அதனாலதான் ஐஸ் கம்பெனிய விடலையா?"

"மீன் பாதிதான் இருக்குன்னு தெரிஞ்சிட்டு யாராவது வேலைய விடுவாங்களா?"

மறுநாள் காலை சங்கக் கூடத்தில் நான் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்ளவில்லை. உள்ளே போகும் முன்பே இயக்குநரிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இது தெரியாம ஒன்றரைன்னு சொல்லியிருந்தா..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். எழுபத்தைந்தாயிரம் என்று நான் சொன்னேன். ஏரி திறக்காது என்றும் நானே சொன்னேன். கூடம் கொந்தளித்தது. நேற்று வரை ஒன்றரை, இன்றைக்கு முக்காலா, மீன் என்ன ஆவியாகப் போனதா என்று ஒருவர் கேட்டார். வேலையை விட்டுவிட்டு வந்தவனுக்கு நீயா சோறு போடுவாய் என்று எதிர் வீட்டுக்காரர் கேட்டார்.

டேக்கை அறுத்தது யார் என்று கேட்டால், வேலை முறையில் நேர்ந்த தவறு என்று சொல்வதாக இருந்தேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன். கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் மாப்பிள்ளை எழுந்து நின்றார்.

"நான்தான் அறுத்தேன்," என்றார். "அறுத்தத எடுத்துச் சொல்லாததும் நான்தான்."

யாரும் அவரை அடிக்கவில்லை. ஒருவரும் அவரோடு பேசவும் இல்லை. வெளியே வரும்போது அவருக்கு வழிவிட்டு விலகினார்கள். அந்த விலகலைப் பார்க்க அடியே தேவலை போலிருந்தது.

வீட்டில் தங்கை மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். செய்தி எங்களுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அவள் எங்கள் இருவரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. துணியை நகர்த்திக்கொண்டே, "உன் கணக்க அந்த ஜாடியோட நிறுத்தியிருக்கக் கூடாதா?" என்று கேட்டாள். யாரைக் கேட்டாள் என்பதில் சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து ஏரியில் மீன் பாதி, வீட்டில் பேச்சும் பாதி.

மாப்பிள்ளை அன்று சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பினார். வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டார். படகின்மேல் தார்ப்பாய் போட்டுக் கட்டிவிட்டதாகச் சொன்னார். பிறகு சட்டைப் பையிலிருந்து எஞ்சின் சாவியை எடுத்தார். மஞ்சள் நூலை அவிழ்த்திருந்தார், வளையம் வெறுமையாக இருந்தது.

"இத நீங்க வெச்சுக்குங்கக்கா."

"எனக்கு எதுக்கு மாப்பிள்ளை? நான் படகுல ஏறினதே இல்ல."

"அதுக்குத்தான். என்கிட்ட இருந்தா என்னிக்காவது ஒருநாள் எடுத்துட்டுப் போயிடுவேன்."

கையில் வைத்துவிட்டு நடந்து போனார். சாவி இப்போது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அடுத்த சுற்று வலை போடும்போது படகில் ஏறுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதுவரை உட்கார்கிறேன், எழுந்து ஜன்னல் வரை போகிறேன், திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்க்கிறேன்.